ஐந்து வயதோடு குணம் முடிந்துபோகிறதா? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் மனித ஆளுமை எப்படி உருவாகிறது என்று உளப்பகுப்பாய்வாளர்கள் சொன்னதைச் சுருக்கமாக எழுதி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய தாய்மார்களுடையவை, அவற்றில் கேள்வியைவிடப் பயமே அதிகம் தெரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கரூரிலிருந்து ஒரு வாசகி: என் மகனுக்கு நாலு வயது. எட்டாவது மாதத்திலேயே அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கழிப்பறைப் பழக்கம் சொல்லிக்கொடுக்கும்போது பொறுமை இழந்து அடித்தும் இருக்கிறேன். ஐந்து வயதுக்குள் குணம் அமைந்துவிடும், அப்புறம் மாற்றவே முடியாது, ஃப்ராய்டே சொல்லியிருக்கிறார் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனா?

இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம்.

அந்த வீடியோவில் வருவது, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1905-ல் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து வளர்ந்த கருத்து. குழந்தையின் இன்ப உணர்வு முதலில் வாயைச் சுற்றியும், அடுத்து மலம் கழிப்பதைச் சுற்றியும், மூன்று வயதுக்கு மேல் பிறப்புறுப்பைச் சுற்றியும் இருக்கும், இதில் ஏதோ ஒரு கட்டத்தில் அளவுக்கு மீறிக் கிடைத்தாலும் கிடைக்காமலே போனாலும் மனதில் ஒரு பகுதி அங்கேயே தேங்கிவிடும், வளர்ந்த பிறகு அது குணமாக வெளிப்படும் என்பது சுருக்கம். 1908-ல் ஒரு சிறு கட்டுரையில், ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவதைக் கவனித்து, அதன் வேர் அந்த இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது என்று எழுதினார். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று குணங்களும் ஓரளவு சேர்ந்து வருவது உண்மை. ஆனால் பிள்ளையை எந்த வயதில், எவ்வளவு கண்டிப்பாகப் பழக்கினார்கள் என்பதற்கும் அந்தக் குணங்களுக்கும் நம்பத் தகுந்த தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் தூக்கத்தைத் தொலைத்தது இந்த இடத்தில்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஃப்ராய்ட் இதை எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்றும் பார்க்க வேண்டும். அவர் குழந்தைகளோடு உட்கார்ந்து இதை எழுதவில்லை. வியன்னாவில், தன் அறையில் சோபாவில் படுத்துப் பேசிய பெரியவர்களின் நினைவுகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய் ஊகித்தார். 1909-ல் அவர் வெளியிட்ட ஒரு குழந்தையின் வரலாறு புகழ்பெற்றது: குதிரைக்குப் பயந்து தெருவில் இறங்க மறுத்த, ‘குட்டி ஹான்ஸ்’ என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்ட ஐந்து வயதுப் பையன். அந்தச் சிகிச்சையைக்கூட நடத்தியது பையனின் அப்பாதான், ஃப்ராய்ட் அப்பாவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார், பையனைச் சிகிச்சைக்காக நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. பயத்தின் உண்மையான பொருள் அப்பாதான், குதிரை அப்பாவுக்குப் பதிலாக நிற்கிறது என்பது ஃப்ராய்டின் முடிவு. தெருவில் ஒரு வண்டிக் குதிரை தடாலென்று விழுந்ததைப் பையன் கண்ணால் பார்த்திருந்தான் என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது, அதற்கு அவர் தந்த எடை குறைவு. 19 வயதில் அந்தப் பையன் ஃப்ராய்டைத் தேடி வந்தபோது சிறுவயதுச் சிகிச்சை எதுவுமே அவனுக்கு நினைவில் இல்லை. பின்னாளில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இயக்குநராக நல்ல பெயர் வாங்கினார், பெயர் ஹெர்பர்ட் கிராஃப்.

உங்களுக்கு உதவக்கூடியவர் என்று நான் நினைப்பது ஃப்ராய்டை அல்ல, டொனால்ட் வின்னிகாட்டை. அவரும் உளப்பகுப்பாய்வாளர்தான், ஆனால் அடிப்படையில் குழந்தை மருத்துவர், லண்டன் பேடிங்டன் கிரீன் மருத்துவமனையில் சுமார் 40 வருடம் ஆயிரக்கணக்கான தாய்களையும் பிள்ளைகளையும் பார்த்தவர், பிபிசி வானொலியில் சாதாரண அம்மாக்களிடம் சாதாரண மொழியில் பேசியவர். ‘போதுமான அளவு நல்ல அம்மா’ என்பது அவர் கொடுத்த சொல். பிறந்த புதிதில் அம்மா குழந்தையின் தேவைக்குக் கிட்டத்தட்ட முழுசாகவே வளைந்துகொடுக்கிறாள், பிறகு குழந்தையால் எவ்வளவு தாங்க முடியுமோ அந்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறுகிறாள், பால் கொடுக்க ஐந்து நிமிடம் தாமதமாகிறது, அழுகைக்கு உடனே வர முடியவில்லை, இப்படி. இந்தச் சின்னச் சின்னத் தவறுதல்கள் வழியாகத்தான் உலகம் தன் விருப்பப்படி மட்டும் ஓடாது என்பதையும், தான் வேறு அம்மா வேறு என்பதையும் குழந்தை தாங்கிக்கொள்ளக் கற்கிறது என்றார். எந்தக் குறையும் வைக்காத அம்மா கிடைத்தால் அந்தக் குழந்தைக்கு இது வாய்க்காது. இதை ஆறுதலுக்காக அவர் சொல்லவில்லை, அவருடைய கோட்பாட்டின் நடுத்தூணே இதுதான்.

அடித்தது சரியில்லை, அதை நிறுத்திவிடுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்குப் புரியும், ‘அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு, அடிச்சது தப்பு’ என்று அவனிடமே சொல்லலாம். எட்டு மாதத்தில் வேலைக்குப் போனதற்கு வருந்த ஒன்றுமில்லை, அவன் அழுதபோது தூக்க ஒரு பாட்டி இருந்தார். அந்த வீடியோவை இனிப் பார்க்க வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: மூத்த பிள்ளை பொறுப்பானது, கடைக்குட்டி செல்லம், நடுப்பிள்ளை ஏங்கும் என்று ஆட்லர் சொன்னது உண்மையா?

ஆல்ஃபிரட் ஆட்லர் 1911-ல் ஃப்ராய்டை விட்டுப் பிரிந்தவர். காமத்தைவிடத் தாழ்வுணர்ச்சியும் அதை வெல்லும் முயற்சியுமே ஆளுமையை உருவாக்குகின்றன என்றார், சிறுவயதில் எலும்பு நோயால் அவதிப்பட்டவர் என்பதால் அது அவருக்கு ஏட்டு விஷயம் இல்லை. ஆனால் பிறப்பு வரிசை பற்றி அவர் சொன்னது நிற்கவில்லை. 2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாட்டிலும் 20,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்த ஆய்வில் பிறப்பு வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. மூத்தவர்களுக்கு அறிவுத்திறன் தேர்வில் மிகச் சிறிய முன்னிலை மட்டும் இருந்தது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இட், ஈகோ, சூப்பர் ஈகோ மூன்றையும் பாடத்தில் படித்தேன். இட் என்றால் ஆசை, சூப்பர் ஈகோ என்றால் நல்ல மனசாட்சி, நடுவில் ஈகோ என்று எழுதினால் போதுமா?

மதிப்பெண்ணுக்குப் போதும். ஆனால் ‘நல்ல மனசாட்சி’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் 1923-ல் ஃப்ராய்ட் இந்த மூன்றையும் வகுத்தபோது சொன்னதில் மிக ஆழமான பகுதியே அங்கேதான் இருக்கிறது, பாடநூல்கள் அதைத்தான் விட்டுவிடுகின்றன.

நாளைக்குப் பரீட்சை, இன்று ராத்திரி மேட்ச். பார்க்கணும் என்கிறது ஒன்று. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கலாமா என்று கணக்குப் போடுகிறது இன்னொன்று. இதுவரை பாடநூல் சரி. மூன்றாவது ‘படி’ என்று மட்டும் சொல்வதில்லை, ‘நீ உருப்படவே மாட்டாய்’ என்கிறது. அந்தக் குரலில் கொடூரம் இருக்கிறது. மனச்சோர்வில் விழுந்தவர்கள் தங்களைத் தாங்களே எவ்வளவு கேவலமாகத் திட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஃப்ராய்ட் இதை யோசிக்க ஆரம்பித்தார். சூப்பர் ஈகோ ஒருவரைச் சாவின் விளிம்புவரைகூடத் தள்ளும் என்று அவர் நினைத்தார்.

இது எங்கிருந்து வருகிறது? அப்பா அம்மாவின் கண்டிப்பைக் குழந்தை உள்வாங்கிக்கொள்கிறது என்பது பொதுவான பதில். ஃப்ராய்ட் 1930-களில் அதைவிட நுட்பமாக ஒன்று சொன்னார்: குழந்தை உள்வாங்குவது கண்ணெதிரே நடமாடும் அப்பா அம்மாவை அல்ல, அவர்களுக்குள் இருக்கும் சூப்பர் ஈகோவை. அதாவது உங்கள் அப்பா உங்களிடம் சாதுவாக நடந்திருக்கலாம், ஆனால் அவர் தன்னையே எப்படி விரட்டிக்கொண்டார், எதற்கெல்லாம் கூனிக்குறுகினார் என்பது உங்களுக்குள் இறங்கியிருக்கும், அது அவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக நியாயங்களும் தடைகளும் கைமாறுவது இந்த வழியில் என்றார். அடியே வாங்காமல் வளர்ந்த பிள்ளைக்கும் கடுமையான மனசாட்சி வரலாம் என்பதையும் அவர் ஒத்துக்கொண்டார், அந்த இடத்தில் மெலனி கிளைன் போன்ற உளப்பகுப்பாய்வாளர்கள் அவருக்கு முன்னே போனார்கள், குழந்தையின் சொந்தக் கோபமே திரும்பி அதன் மேல் பாய்கிறது என்றார்கள். இவ்வளவையும் பரீட்சையில் எழுத இடம் இருக்காது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஈடிபஸ் சிக்கல் என்பது ஐரோப்பியக் கற்பனை. நம் குடும்ப அமைப்புக்கு அது எப்படிப் பொருந்தும்?

மற்றவர்களுக்காக ஒரு வரி: சிறு பையனுக்கு அம்மா மேல் ஆசையும், அதனால் அப்பா மேல் போட்டியும் பயமும் வரும் என்பதைத்தான் ஃப்ராய்ட் ஈடிபஸ் சிக்கல் என்றார். நீங்கள் கேட்பதைக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே கல்கத்தாவில் ஒருவர் ஃப்ராய்டிடமே கேட்டிருக்கிறார். கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர், 1922-ல் தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர், ஃப்ராய்டோடு பல வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். ஐரோப்பிய நோயாளிகளிடம் தென்படும் அளவுக்குத் தந்தை தண்டிப்பார் என்ற அச்சம் என் இந்திய நோயாளிகளிடம் தென்படவில்லை, பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விருப்பம்தான் எளிதாக வெளியே வருகிறது என்று எழுதினார். ஃப்ராய்ட் மரியாதையாகப் பதில் எழுதினார், ஆனால் தன் கோட்பாட்டை இதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. 1931-ல் ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்கு இந்தியச் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பியது, அது அவருடைய மேசையில் இருந்தது, இன்றும் லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலையை ஏற்றுக்கொண்ட அளவுக்கு போஸின் வாதத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால் இந்தத் துறையின் போக்கு எவ்வளவோ மாறியிருக்கும் என்பது என் ஆதங்கம்.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி வேறு பக்கத்திலிருந்து அடித்தார். நியூகினி அருகில் டிரோப்ரியண்ட் தீவுகளில் முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கி ஆராய்ந்தவர். அங்கே பிள்ளை மேல் அதிகாரம் தாய்மாமனுக்கு, அப்பா தூக்கிக் கொஞ்சும் நண்பர். பையன்களின் உள்ளுக்குள் இருக்கும் பகை மாமன் மேல்தான், அப்பா மேல் இல்லை என்று 1927-ல் எழுதினார். அப்படியென்றால் சிக்கலின் வேர் அதிகாரத்திலா, அம்மாவுக்கான போட்டியிலா என்ற கேள்வி வருகிறது இல்லையா, அந்தச் சண்டை இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நம் கதைகளைப் பார்த்தவர் ஏ.கே. ராமானுஜன், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சிகாகோவில் பாடம் நடத்தியவர். கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான், நம் கதைகளில் பெரும்பாலும் மகன் தந்தைக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று அவர் காட்டினார். தன் இளமையை யயாதிக்குக் கொடுத்த புரு, தந்தையின் கல்யாணத்துக்காகத் தன் கல்யாணத்தைத் துறந்த பீஷ்மர். பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் கதையை நினைத்துப் பாருங்கள், அங்கே அறுக்கப்படுவதும் பிள்ளைதான். உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் 1978-ல் எழுதிய நூலில், இந்தியப் பையன் பல வருடம் அம்மாவின் மடியிலேயே இருந்துவிட்டுச் சட்டென்று ஆண்களின் கண்டிப்பான உலகத்துக்குத் தள்ளப்படுகிறான், அந்த அதிர்ச்சிதான் இங்கே முக்கியம் என்றார்.

ஆக, அப்பா, அம்மா, பிள்ளை என்ற முக்கோணம் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். யாருக்கு அதிகாரம், யார் யாருக்கு அடங்க வேண்டும் என்பதைக் குடும்ப அமைப்பு முடிவு செய்கிறது.

மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி: மகளை மூன்று வயதில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். இப்போது அவளுக்கு எட்டு வயது, நான் திரும்பி வந்துவிட்டேன். அம்மம்மாவோடுதான் படுக்கிறாள், என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறாள் இல்லை. தனியாக வீடு எடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு போனால் என்னோடு ஒட்டுவாளா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், இப்போதைக்கு வேண்டாம்.

இந்த விஷயத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். பணக்கார வீட்டுப் பிள்ளை, அம்மாவைப் பார்ப்பதே நாளில் சிறிது நேரம், வளர்த்தது செவிலித்தாய். அவருக்கு நாலு வயதாகும்போது அந்தப் பெண் வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததுபோல உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை, போரில் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றியது. அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் எடுத்துக் காட்டினார். அக்காலத்தில் பெற்றோர் வந்து பார்க்கவே கெடுபிடி, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டால் பழகிவிட்டது என்று தாதிகள் நினைத்தார்கள். அது பழக்கம் அல்ல, நம்பிக்கை இழப்பு என்று இவர்கள் சொன்னார்கள்: முதலில் ஆர்ப்பாட்டம், பிறகு துயரம், கடைசியில் விலகல். அம்மா திரும்பி வரும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது இந்த மூன்றாவது கட்டத்தில். உங்கள் மகள் செய்வதில் இதன் சாயல் இருக்கிறது. உங்கள்மேல் அன்பு இல்லை என்பதற்கு அது அடையாளம் இல்லை.

பௌல்பி ஆரம்பத்தில் ‘அம்மா’ என்ற ஒரே ஆளை அழுத்திச் சொன்னது தவறாகவும் பயன்பட்டது. 1964-ல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் பிணைப்பு வைத்திருப்பதைக் காட்டியது. மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972-ல், இருந்த பிணைப்பு அறுந்துபோவது வேறு, பிணைப்பே உருவாகாமல் போவது வேறு, இரண்டாவதுதான் மிகக் கேடு என்று பிரித்துக் காட்டினார். உங்கள் மகளுக்கு அந்த இரண்டாவது கேடு நேரவில்லை, காரணம் உங்கள் அம்மா. இப்போது அவளை அம்மம்மாவிடமிருந்து பிரித்தால் எட்டு வயதுக்குள் இரண்டாவது தடவையாக ஒரு தாயை இழப்பாள்.

ஒரே வீட்டில் இருங்கள். தலை வாருவது, பள்ளிக்கூடம் கூட்டிப்போவது என்று தினமும் தவறாத ஒன்றிரண்டு வேலைகளை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். ‘ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க’ என்று ஒருநாள் கேட்பாள், கத்தியும் கேட்கலாம். அப்போது வீட்டுக் கஷ்டத்தை விளக்குவதற்கு முன் அவள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். கேட்கிறாள் என்றால் உங்களை மறுபடி நம்ப ஆரம்பிக்கிறாள் என்று அர்த்தம்.

கோவையிலிருந்து ஒரு பொறியாளர்: ஃப்ராய்டின் கோட்பாடு அறிவியலே இல்லை என்று கார்ல் பாப்பர் நிரூபித்துவிட்டார். இன்னும் ஏன் இதை எழுதுகிறீர்கள்?

தத்துவஞானி பாப்பரின் வாதம் வலுவானது. குழந்தையைக் கொல்ல ஆற்றில் தள்ளுகிற ஒருவன், குழந்தையைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துக் குதிக்கிற ஒருவன், இருவரையும் ஃப்ராய்டை வைத்தும் விளக்கலாம், ஆட்லரை வைத்தும் விளக்கலாம். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்றார். ஆனால் அவரை மறுத்து இன்னொரு தத்துவஞானி அடால்ஃப் குருன்பாம் 1984-ல் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஃப்ராய்டின் பல கூற்றுகளைச் சோதிக்க முடியும், சோதித்தால் சில தோற்கும், சோபாவில் நோயாளி சொல்வது அதற்குச் சான்றாகாது என்றார் அவர். நான் குருன்பாம் பக்கம்.

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பெரிய குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்களைப் ‘பாசமில்லாதவர்கள்’ என்று முத்திரை குத்தினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இதற்குக் காரணம் உடலில், மூளையில் இருக்கிறது என்று வாதாடியிருந்தார். அது காதில் ஏற எத்தனையோ வருடம் பிடித்தது. இரவு பகலாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண்களிடம் ‘நீதான் காரணம்’ என்று சொன்ன அந்தப் பாவத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, கரூர் வாசகியின் பயத்திலும் அதன் மிச்சம் இருக்கிறது.

இரட்டையர் ஆய்வுகள் குண வேறுபாட்டில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபு வழி என்கின்றன. வளர்ப்பே எல்லாம் என்ற பேச்சு அங்கே முடிந்துவிட்டது. ஆனாலும் பௌல்பியின் பிணைப்பு ஆராய்ச்சி உளப்பகுப்பாய்விலிருந்து பிறந்ததுதான். ஃப்ராய்டின் மகள் ஆனா ஃப்ராய்ட் 1936-ல் தொகுத்த தற்காப்பு முறைகளை, அதாவது துன்பத்திலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை, ஹார்வர்டில் 1938 முதல் தொடரும் ஆய்வில் இருந்த ஆண்களிடம் ஜார்ஜ் வைலண்ட் பல பத்தாண்டுகள் தேடிப் பார்த்தார், துன்பத்தை மறுக்காமல் நகைச்சுவையாகவோ பிறருக்கு உதவியாகவோ மாற்றத் தெரிந்தவர்களுக்கு வாழ்க்கை நன்றாக அமைந்திருந்தது. இதெல்லாம் சோதனையில் நின்றவை. அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்: வயது 63. அப்பா என்னை பெல்டால் அடித்து வளர்த்தார். நானும் என் மகனிடம் அப்படியே நடந்தேன். இப்போது அவன் வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான். இந்தக் கோட்பாடுகள் எல்லாம் குழந்தைகளுக்குத்தானா, என்னைப்போல் ஆளுக்கு ஏதாவது சொல்கின்றனவா?

சொல்கின்றன. உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கைக்கு 1950-ல் வகுத்த எட்டுக் கட்டங்களில் ஐந்துதான் குழந்தைப் பருவமும் விடலைப் பருவமும், மற்ற மூன்றும் பெரியவர்களுக்கு. தன்னைப் பெற்ற தந்தை யார் என்றே தெரியாமல் வளர்ந்து, 1939-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டவர் அவர். காந்தியைப் பற்றி எழுத வந்தபோதும் 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்தார், அப்போது காந்திக்கு 48 வயது. ஒரு மனிதன் நாற்பதுகளின் கடைசியிலும் உருவாகிக்கொண்டிருக்கிறான் என்பதால்தான் அந்தத் தேர்வு.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபர்க் 1975-ல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரை. சிறுவயதில் கொடுமை அனுபவித்த பெற்றோர் சிலர் அதையே தம் பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள், சிலர் செய்வதில்லை, ஏன்? அடி வாங்கிய சம்பவம் எல்லோருக்கும் நினைவிருந்தது. அப்போது உணர்ந்த வலியும் அவமானமும் சேர்ந்து நினைவிருந்தவர்கள் பிள்ளைகளை அடிக்கவில்லை என்று அவர் கண்டார். சம்பவம் மட்டும் மிஞ்சி வலி மறந்துபோனவர்கள், அடித்தவரின் இடத்துக்கே போய் நின்றார்கள்.

‘அடிச்சதாலதான் நான் ஆளானேன்’ என்று உங்கள் வாயில் வந்திருக்கும், அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பெல்ட் விழுந்தபோது எப்படி இருந்தது என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவனுக்கு நீங்கள் செய்ததற்கு வருந்துவதையும் சேர்த்து. அவன் உடனே உருகிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம், கோபப்பட்டால் கோபப்படட்டும், அதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. பேரனைப் பார்க்க அடிக்கடி போங்கள்.